உலை அணைந்த ஆண்டின் விளைவு

நலம் நிற்க. மழை தன் காலத்தில் இறங்குக. கடல் தன் கரையில் அடங்குக.

ஏழு கோட்டங்களும் பதினெட்டுத் துறைகளும் உடைய முந்நீர்வளநாட்டின் கோமகள், மாடக்கோட்டை அரியணையில் அமர்ந்து குடிகளின் குறை கேட்டு முறை செய்யும் ஏலங்குழலி மாதேவியார் திருமுன்பு, ஆண்டுதோறும் நாட்டின் விளைவை அளந்து இவ்வளவு வளர்ந்தது, இவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும் பணியில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் அளவைநாயகம் சேந்தன் மாறிலி, தென்கடற்கரை உலையூரிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரும் இளங்கோவும் பெருங்குழுவின் பெரியோரும் நலமுற்றிருக்க வேண்டுகிறேன். தலைநகரின் ஏரிகள் நிறைந்தன என்று படகுக்காரர் சொல்லக் கேட்டேன். மகிழ வேண்டிய செய்தி. மகிழ்ந்தேன் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் தேவியார் எனக்கு இட்ட பணியை முதற்கண் நினைவூட்ட அனுமதி வேண்டுகிறேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக நம் நாடு உலையூர் அணுவுலை தரும் மின்னாற்றலால் தறியோட்டியும் நீரிறைத்தும் வாழ்ந்து வந்தது. பெருங்குழுவில் ஒரு பாதியினர், நாடு செழித்தது அந்த உலையால்தான், ஆதலால் இரண்டாம் உலை ஒன்றும் எழுப்ப வேண்டும் என்றனர். மறு பாதியினர், நாடு செழித்ததால்தான் உலை எழுப்ப முடிந்தது, பழையதாகிவிட்ட அதை அணைத்தாலும் செழிப்பு நிற்காது என்றனர். இரு திறத்தாரையும் கேட்ட தேவியார், ஓராண்டு உலையை அணைத்து வைக்கவும், அவ்வாண்டின் விளைவை அளக்கவும், நாட்டின் வளர்ச்சிக்கு அந்தத் தீ வேரா பூவா என்று கண்டு சொல்லவும் என்னை இங்கே அனுப்பினார். வளர்ச்சி குறைந்தால் உலையை மீண்டும் ஏற்றுவது, குறையாவிட்டால் அணைந்தபடியே விட்டுவிடுவது என்பது ஆணை. தம் முத்திரைக் கணையாழியையும் என் விரலில் இட்டு, இந்தப் பணி முடியும்வரை உலையூர் பற்றிய எதிலும் என் சொல்லே தம் சொல் என்று அருளினார்.

ஆண்டு முடிந்தது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி குறையவில்லை. உலை எரிந்த முந்தைய ஆண்டில் நூற்றுக்கு ஐந்தாக வளர்ந்த நாடு, உலை அணைந்த இவ்வாண்டிலும் நூற்றுக்கு ஐந்தாகவே வளர்ந்தது.

இவ்வளவோடு ஓலையைக் கட்டி முத்திரையிட்டிருக்கலாம். பணிக்கப்பட்டது இவ்வளவே. ஆனால் இந்த விடை எப்படி வந்தது, வந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் தேவியார் அறிந்தால்தான், இதன் இறுதியில் நான் இட்டிருக்கும் கட்டளை விளங்கும். ஆதலால் எழுதுகிறேன். அவரவர் சொன்ன சொற்களைச் சில இடங்களில் திருத்தாமல் அப்படியே இட்டிருக்கிறேன். அரச ஓலைக்கு அது முறையன்று என்பதை அறிவேன்.

உலையை அணைத்த நாளில் உலைநாயகமாக இருந்தவர் நெடுங்கோ. வயது அறுபத்தெட்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அன்று சலவை செய்த வெள்ளாடை உடுத்து வந்து, ஒவ்வொரு நிலையிலும் நின்றவர்களின் பெயரைச் சொல்லி அழைத்து, அணைக்கும் கட்டளையைத் தாமே கொடுத்தார். அடக்கும் கோல்கள் உலைக்குள் இறங்கின. ஆவி குறைந்தது. உச்சிப்பொழுதில் சுழல்பொறி நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஊரில் எல்லா வீடுகளிலிருந்தும் மக்கள் வெளியே வந்து தெருவில் நின்றார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளாக இரவும் பகலும் அந்தச் சுழல்பொறியின் முழக்கம் அவர்கள் காதில் இருந்திருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் அது இல்லாத ஒரு நொடியைக் கேட்டதில்லை. கைக்குழந்தைகள் அழத் தொடங்கின. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு உள்ளே போனார்கள்.

நெடுங்கோ கலங்கவில்லை. என்னைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்து, இலையில் மீன் வைத்தபடியே சொன்னார்: "ஒரு மாசம் தாங்காது நாயகரே. கீழக்கோட்டத்துத் தறிக்காரங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து இந்த வாசல்ல நிப்பாங்க, பாருங்க. அப்ப தேவியாருக்கு நீங்களே எழுதுவீங்க."

செருக்கில் பிறந்த பேச்சன்று அது. தம் தீதான் நாட்டை நடத்துகிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர்களில் முதல்வன் நான். அதைப் பின்னர் எழுதுகிறேன்.

கோட்டங்களிலிருந்து மாதம் ஒருமுறை விளைவு ஓலைகள் படகில் வரும். படகு வரும் நாளெல்லாம் நெடுங்கோ துறையில் எனக்கு முன்பாகவே வந்து நிற்பார். முதல் மாதம் அவர் சொன்னபடியே நடந்தது. கீழக்கோட்டத்தில் ஒன்பது நாள் தறிகள் நின்றன. அதைக் கேட்டு அவர் தலையசைத்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, அதற்கு அடியில் ஓர் அமைதியும் இருந்தது. இரண்டாம் மாதம் மலைக்கோட்டத்து அருவிப் பொறிகளிலிருந்து கம்பி இழுத்துவிட்டார்கள். நெசவாளர்கள் மாலைத் தறியை விடியலுக்கு மாற்றிக்கொண்டார்கள். வடகோட்டத்தில் நிலக்கரி எரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் துணி சற்றே குறைவு, உப்பு சற்றே கூடுதல். நான்காம் மாதம் ஓலைகளைக் கூட்டிப் பார்த்தபோது எல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது.

துறையில் நின்றபடியே கூட்டினேன். அவர் அருகில் இருந்தார்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்றார்.

குறையவில்லை என்றேன்.

"கொஞ்சங்கூடவா?"

கொஞ்சமும் இல்லை என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு படகுக்காரனிடம் வழியில் காற்று எப்படி என்று கேட்டார். அவன் சொன்ன மறுமொழியை முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதன் பின் அவர் துறைக்கு வரவில்லை. உலைக்கும் வரவில்லை. நான் இருமுறை போய்ப் பார்த்தேன். மரியாதையாக வரவேற்றார், மோர் கொடுத்தார், கேட்டவற்றுக்கு விடை சொன்னார். ஏழாம் மாதம் ஊரில் பலருக்கும் வந்த காய்ச்சல் அவருக்கும் வந்தது. மற்றவர்கள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் என்றே எழுதியிருக்கிறார், அதற்கு மேல் நானும் ஒன்றும் சொல்வதற்கில்லை. அன்று துறையில் சிறிது குறைந்தது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணம் ஓரிடத்துக்கு மேல் நகரவில்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்தபின் அவர் மனைவி கொற்றி என் விடுதிக்கு வந்தார். ஒரு கட்டு ஓலையை மேசைமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதுனதாமே. வருசா வருசம் தீ ஏத்துன நாள்ல புதுசா வர்ற புள்ளைங்களுக்கு இதத்தான் படிச்சுக் காட்டுவாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே வச்சுக்கிடுங்க."

அது என் ஓலைதான். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், மறைந்த பெருவேந்தர், தேவியாரின் தந்தையார், அணுவுலை நாட்டை வளர்க்குமா என்று கேட்டபோது நான் எழுதிக் கொடுத்தது. உலை உடைய மூன்று அண்டை நாடுகளை எடுத்துக்கொண்டேன். மூன்றும் செல்வ நாடுகள். உலை இல்லாத ஐந்து நாடுகளை எடுத்துக்கொண்டேன். ஐந்தும் வறியவை. ஆதலால் உலை செல்வம் தரும் என்று முடித்தேன். எழுத்து நன்றாக இருந்தது. வேந்தர் என்னை அழைத்து, எனக்குப் பொற்பட்டம் சூட்டினார். அடுத்த திங்களிலேயே இந்தக் கரையில் புன்னைக்குப்பம் என்றிருந்த மீனவர் ஊரை அகற்றி உலைக்கு அடிக்கல் நட்டார்கள்.

அந்த ஓலையை இம்முறை உலையூர் விடுதியில் இருந்து படித்தேன். படித்துவிட்டு, அந்த மூன்று நாடுகளின் பழைய விளைவு ஓலைகளைத் தலைநகரிலிருந்து வரவழைத்தேன். அவை என் அறையிலேயே, என் இருக்கைக்குப் பின்னால் உள்ள பரணில், கட்டுப் பிரிக்காமல் இருந்தன. உலை ஏற்றுவதற்கு முன்பு அந்நாடுகள் எப்படி இருந்தன என்பது அவற்றில் இருக்கிறது. ஒரு நாடு உலைக்குப் பத்து ஆண்டுகள் முன்பே செல்வம் அடைந்துவிட்டது. இன்னொன்று ஏழு ஆண்டுகள் முன்பே. மூன்றாவது நாடு மட்டும் உலை ஏற்றிய பிறகே தலையெடுத்தது. அதற்கு அருவியும் இல்லை, நிலக்கரியும் இல்லை, பகைவர் கடலையும் அடைத்திருந்தார்கள். இரண்டில் செல்வம் தீயைக் கொண்டுவந்தது. ஒன்றில் தீ செல்வத்தைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலோ, துறைமுகம் திறந்த நாள் முதல் வளர்ச்சி ஏறிக்கொண்டிருந்தது. தறிகள் பெருகி ஆற்றல் போதாமற்போன பிறகே உலை வந்தது. வந்த பின் வளர்ச்சியோடு சேர்ந்து நடந்தது. முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

அந்தக் கட்டுகளை ஏன் பிரிக்கவில்லை என்று தேவியார் கேட்கலாம். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு, கேட்டவர் விரும்பிய விடை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நெடுங்கோவுக்குப் பின் உலைநாயகமாக வேம்பி என்பவளை நியமித்தேன். வயது முப்பத்தெட்டு. நீரின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கையால் தொட்டே சொல்லக்கூடியவள் என்று பிறர் சொன்னார்கள். அவளோ அளவி பார்த்துத்தான் சொல்வேன் என்றாள். அவள் புன்னைக்குப்பத்தில் பிறந்தவள் என்பதை நியமித்த பிறகே அறிந்தேன். ஊரை அகற்றியபோது அவளுக்கு வயது பத்து. தந்தைக்கு உள்நாட்டில் கரம்பு நிலம் கொடுத்தார்கள். கடலில் வலை வீசியவர் கலப்பை பிடிக்கப் பழகவில்லை. பதினேழு வயதில் அவள் உலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து, படித்துப் படித்து மேலே வந்திருக்கிறாள். இப்போது உலைச்சுவர் நிற்கும் இடத்தில்தான் அவர்களுடைய கிணறு இருந்ததாம்.

இவற்றைக் கேட்டபின், என் ஓலையால்தான் அது நடந்தது என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள், ஆண்டுதோறும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம் என்றாள். என்மேல் சினம் இல்லையா என்றேன். அளவியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சற்று நிறுத்தினாள்.

"கோவம் இருந்துது ஐயா. எங்க வச்சேன்னு இப்பத் தெரியல."

பிறகு மீண்டும் துடைத்தாள்.

பத்தாம் மாதத்துப் படகில் பெருங்குழுவின் ஓலை வந்தது. வளர்ச்சி குறையவில்லை என்று நான் மாதந்தோறும் அனுப்பிய செய்திகளைக் கண்டு, ஆண்டு முடிவதற்கு முன்பே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உலையூரில் இப்போது எதுவும் விளையவில்லை. ஆதலால் ஆண்டு முடிந்ததும் உலையூருக்குச் செல்லும் நெற்படகுகளை நிறுத்துவது. மக்கள் விரும்பிய இடத்துக்குச் செல்லலாம். எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். நானாக இருந்தாலும் அப்படியே எழுதியிருப்பேன். மூன்று பக்கமும் மணல், ஒரு பக்கம் கடல்; இங்கே ஒரு பிடி நெல்லும் முளைக்காது. படகு நின்றால் ஊர் நிலைக்காது.

ஓலையை வேம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொல்லி, உலைக்குப் பின்னால் உள்ள ஒரு நீண்ட கட்டடத்துக்கு அழைத்துச் சென்றாள். பத்து மாதமாக அதன் அருகில்தான் தங்கியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. உலையில் எரிந்து ஓய்ந்த எரிபொருள் தண்டுகளை இட்டு வைக்கும் குளம் அது. நீர் ஆழமாக, நீலமாக, அசைவில்லாமல் தெரிந்தது. அடியில் இருபத்து நான்கு ஆண்டுகளின் தண்டுகள் வரிசையாக நின்றன.

"எரிஞ்சு முடிஞ்சதுங்க. முடிஞ்சுதுன்னு நாமதான் சொல்றோம். அதுக்குத் தெரியாது. உள்ள சூடு இன்னும் இருக்கு. தண்ணிய நிறுத்தாம சுத்த விடணும், குறைஞ்சா ஊத்தணும், ஒவ்வொரு மணிக்கும் பாக்கணும். முறை மாத்தி நிக்கணும், ஒரு முறைக்கு நாப்பது பேர், நாளுக்கு மூணு முறை."

ஆட்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தண்ணி நின்னா பதினேழாம் நாள் கொதிக்கும். அப்புறம் உலையூரு மட்டும் இல்ல ஐயா. காத்து போற ஊரெல்லாம்."

எத்தனை காலம் காக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அறுபது வருசம் தண்ணிக்குள்ள. அதுக்கப்புறம் கல் அறைக்குள்ள. அதுக்கு மேல எவ்வளவுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் எண்ணி முடிக்கல."

இதை நான் அறியாதவன் அல்லேன். உலைக்குக் கழிவு உண்டு என்று என் பழைய ஓலையிலேயே ஒரு வரி இருக்கிறது. ஆனால் அந்த வரிக்கு ஆட்கள் வேண்டும், அந்த ஆட்களுக்குச் சோறு வேண்டும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பிறகும் ஆட்கள் வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. தீ நாட்டை வளர்த்ததா என்பதே கேள்வியாக இருந்தது. வளர்க்கவில்லை என்றானபின் தீயை மறந்துவிடலாம் என்றே நானும் நம்பியிருந்தேன்.

அதே நாட்களில் வடகோட்டத்து மருத்துவர் ஒருவரின் ஓலையும் வந்தது. நிலக்கரிப் புகையால் இருமல் மிகுந்திருக்கிறது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, என்று எழுதியிருந்தார். அதையும் தேவியாருக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் வளர்ச்சி என்று அளப்பதில் அந்த இருமலுக்கு இடமில்லை. நிலக்கரி வெட்டியதும் வளர்ச்சியாக ஏறியது. இருமலுக்கு மருந்து வாங்கியதும் வளர்ச்சியாக ஏறியது. ஆதலால் நூற்றுக்கு ஐந்து என்று நான் மேலே எழுதிய எண் பிழையற்றது. அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

நெற்படகு நிற்கும் செய்தி ஊரில் பரவியது. முந்நூறு குடிகளில் அறுபது குடிகள் பதினோராம் மாதத்திலேயே போய்விட்டன. வண்டிகளில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் அழவில்லை, யாரும் வழியனுப்பவும் இல்லை. குளத்தில் ஒரு முறைக்கு நாற்பது பேர் நிற்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு பேர் நின்றார்கள். வேம்பி தன் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அடுத்த முறைக்கும் நின்றாள்.

ஆண்டு முடியும் வாரத்தில் ஊரார் கூடி என்னை அழைத்தார்கள். நீர்ப்பொறிகளைக் காக்கும் மோசி என்பவன் எழுந்து எல்லார் சார்பிலும் பேசினான். வணக்கத்தோடுதான் பேசினான்.

"நாலு எழுத்து மாத்தி எழுதுனா என்ன ஆயிரும் ஐயா? குறைஞ்சுதுன்னு எழுதுங்க. நூத்துக்கு ஒண்ணு குறைஞ்சுதுன்னா போதும். திரும்ப ஏத்தச் சொல்லிருவாங்க. படகு வரும். நாங்களும் இருப்போம், குளமும் இருக்கும்."

அவன் கேட்டதில் தவறான கணக்கு ஒன்றும் இல்லை. நான் நூற்றுக்கு நான்கு என்று எழுதியிருந்தால் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுகளில் என் எண்ணை யாரும் சரிபார்த்ததில்லை. இளமையில் ஒருமுறை, கேட்டவர் விரும்பிய விடையை எழுதியிருக்கிறேன். அதனால்தான் இவர்கள் இந்த மணலில் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் சொன்னேன். மோசி அதைக் கேட்டு, இப்போது இன்னொரு முறை எழுதினால் என்ன என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தான்.

வேம்பிதான் மறுமொழி சொன்னாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"விடு மோசி. பொய் சொல்லி ஏத்துற தீயில எரியுற தண்டும் இந்தக் குளத்துக்குத்தான் வரும். நிறுத்துறதுன்னா இதோட நிக்கட்டும். இருக்கிறதப் பாப்போம்."

பார்ப்பதற்குச் சோறு வேண்டுமே என்றான் அவன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் என் விரலில் தேவியாரின் கணையாழி இருப்பது எனக்கே நினைவுக்கு வந்தது. ஓராண்டு அணிந்திருந்தேன்; எண்ணை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தேவியார் கேட்டருள்க. நாட்டின் வளர்ச்சிக்கு உலையூர்த் தீ வேரன்று. இந்த நாட்டில், இந்த ஆண்டில், இதுவே நான் கண்டது. அருவியும் நிலக்கரியும் இல்லாத நாட்டுக்கு இது பொருந்தாது, பொருந்தும் என்று யாரேனும் என் பெயரால் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாம் உலை பற்றி முடிவு செய்யக் கூடும் அவையில், எவ்வளவு வளரும் என்று கேட்பதற்கு முன், அணைத்த பின் யார் நிற்பார்கள் என்று கேட்க வேண்டுகிறேன். முதல் உலைக்கு அதை நான் கேட்கவில்லை.

தேவியார் எனக்கு அளித்த அதிகாரத்தின்படி இட்ட கட்டளை பின்வருமாறு.

உலையூர் அணுவுலை அணைந்தபடியே இருக்க. தண்டுக்குளம் ஒரு நாளும் ஆளில்லாமல் இராதிருக்க. உலையூருக்குச் செல்லும் நெற்படகு எந்தக் காரணத்தாலும் நிற்காதிருக்க. நாட்டில் பஞ்சம் வந்தாலும், அரசு மாறினாலும், போர் மூண்டாலும், முதற்படகு இங்கே வருக. உலையூரில் எதுவும் விளையவில்லையே என்று பெருங்குழுவில் எவரேனும் கேட்டால், விளையாமல் இருப்பதே இவ்வூரின் பணி என்று விடை சொல்லுக. காவலுக்கு நிற்கும் குடிகளைப் போர்முனையில் நிற்பவர்க்கு நிகராக மதிக்க. அவர்தம் பிள்ளைகளில் போக விரும்புவோரைப் போக விடுக. பிறந்த காரணத்தால் எவரையும் குளத்தோடு கட்டாதிருக்க. குறைந்த இடத்துக்கு ஏழு கோட்டங்களும் முறைவைத்து ஆள் அனுப்புக. புன்னைக்குப்பத்திலிருந்து அகற்றப்பட்டவர்களும் அவர் வழிவந்தவர்களும் இக்கரையில் எங்கு படகு கட்ட விரும்பினாலும் தடுக்கப்படாதிருக்க.

இந்தக் கட்டளையை ஊர் கூடிய இடத்தில் படித்துக் காட்டினேன். கொற்றி, படகு எந்த நாளில் வரும் என்று கேட்டார். எப்போதும்போல் என்றேன். போய்விட்ட குடிகளில் சிலருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். திரும்புவார்களா என்று தெரியாது.

கணையாழியை இந்த ஓலை கொண்டுவருபவரிடமே தனிப் பேழையில் வைத்து அனுப்புகிறேன். அளவைநாயகம் பதவியை வேறொருவருக்கு அளித்தருள வேண்டுகிறேன். பரணில் உள்ள கட்டுகளை அவர் முதலில் பிரிக்கட்டும். நான் இங்கே இருக்க வேம்பியிடம் இடம் கேட்டேன். எண் பார்த்து எழுதும் வேலை தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது என்றேன். அதற்குத்தான் ஆள் குறைகிறது என்று சொல்லி, விடியல் முறையில் நீரின் சூட்டை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதும் இடத்தில் என்னை வைத்தாள். நாளை தொடங்குகிறேன். எதிர்பார்ப்பும் இல்லை, அச்சமும் இல்லை. அது தேவியார் அறிய வேண்டிய செய்தி அன்று, ஆயினும் எழுதிவிட்டேன்.

அரச கட்டளைகளை, ஞாயிறும் திங்களும் உள்ளவரை நிற்க என்று முடிப்பது நம் முன்னோர் வழக்கம். நானும் பல ஓலைகளை அப்படி முடித்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற கட்டளை ஒன்றையும் கண்டதில்லை. எழுதும்போது யாரும் அந்தச் சொல்லை எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை எண்ணிப் பார்த்து, அளந்து, வேறாக எழுதினேன். குளத்துத் தண்டுகள் ஆறும்வரை இக்கட்டளை நிற்க.

மாடக்கோட்டைக்கும் அதன் குடிகளுக்கும் நலம் உண்டாக.

இவை சேந்தன் மாறிலி எழுத்து.

இதற்குச் சான்றாக, இப்படி அறிவேன், உலைநாயகம் வேம்பி.